ஏற்பிப் புரதக் கூட்டுகளுக்கு ஒரு பொது அறிவுத்தளம்: காரைக்குடிப் பக்கம் சேர்ந்து செய்ய யார் இருக்கிறீர்கள்?

காரைக்குடி_மாணவி | ஞாயிறு, இரவு 9:10

வணக்கம். காரைக்குடியில் உயிர்தகவலியல் ஆராய்ச்சி மாணவி நான். இங்கேயும் தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கமும் செல் ஏற்பிகளைப் பற்றி, அதாவது செல்லுக்கு வரும் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் புரதங்களைப் பற்றி, வேலை செய்கிற சிலர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். ஒருவருக்கு வலி, ஒருவருக்குச் சுவை, ஒருவருக்கு நீரிழிவு. எல்லோருமே கட்டுரைகளைப் படித்து "இந்த ஏற்பி, இந்தப் புரதங்கள், இந்த மருந்து" என்று அவரவர் எக்செல் தாளில் குறித்து வைக்கிறோம். ஒருவர் தாளை இன்னொருவர் திறந்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதனால் ஒரே பொது அறிவுத்தளமாகக் கட்டலாம் என்று யோசனை.

தாள்களை ஒட்டுவது பெரிய வேலை இல்லை. தாள்கள் எல்லாமே ஒரு வரிக்கு ஒரு ஜீன் என்று எழுதப்பட்டவை, அதுதான் சிக்கல். ஏற்பி அப்படி வேலை செய்வதில்லை. கால்சிஆர்எல் என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராம்ப்1 என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்தால் அது சிஜிஆர்பி என்ற நரம்புப் பெப்டைடின் ஏற்பி. ஒற்றைத் தலைவலியில் பேசப்படுவது அதுதான். அதே கால்சிஆர்எல் ராம்ப்2-உடன் சேர்ந்தால் அட்ரினோமெடுலின் ஏற்பி. ரத்தக் குழாய் சம்பந்தப்பட்ட வேறு கதை. ராம்ப் புரதங்களைக் கண்டுபிடித்த 1998-லேயே இது தெரிந்துவிட்டது. 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரினுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து குறிவைப்பது கால்சிஆர்எல்லும் ராம்ப்1-ம் சேர்ந்த கூட்டை. ஜீன் தாளில் அது "கால்சிஆர்எல், எரினுமாப்" என்று ஒரே வரியாகச் சுருங்கிவிடும். அட்ரினோமெடுலின் படிக்கிறவர் அந்த வரியைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

எப்படி வடிவமைப்பது என்று இங்கே இருக்கிறவர்கள் சொல்லுங்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் வந்தால் இன்னும் நல்லது.

பள்ளத்தூரான் | ஞாயிறு, இரவு 9:32

இதற்குத்தான் யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளம் இருக்கிறதே அக்கா. ஏன் திரும்ப ஒன்று?

ஆத்தங்குடி_கண்ணாடி | ஞாயிறு, இரவு 11:48

யூனிப்ராட் புரதத்துக்குப் பதிவு, கூட்டுக்கு அல்ல. துணையலகு (கூட்டில் உறுப்பாக நிற்கும் புரதம்) பற்றி ஒரு குறிப்பு எழுதியிருப்பார்கள், ஆனால் அது வாக்கியம். கணினி அதை நம்பி எண்ண முடியாது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: காம்ப்ளெக்ஸ் போர்ட்டல் இருக்கும்போது ஏன்? ஐரோப்பிய உயிர்தகவலியல் நிறுவனம் நடத்துவது. கூட்டுக்கென்று தனி அடையாள எண், உறுப்புப் புரதங்கள், எத்தனை பிரதி, சான்று எல்லாம் ஆட்கள் படித்துப் பதிந்தவை. முப்பரிமாணக் கட்டமைப்புக்குப் பிடிபி, பாதைகளுக்கு ரியாக்டோம், மருந்தியலுக்குச் சர்வதேச மருந்தியல் ஒன்றியமான ஐயூஃபாரின் வழிகாட்டி. இதையெல்லாம் பார்க்காமல் காரைக்குடியில் உட்கார்ந்து இன்னொரு தரவுத்தளம் கட்டினால் இரண்டு வருடத்தில் அதன் முகவரியே திறக்காது. நான் வெளிநாட்டில் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வகத்தில் இருக்கிறேன். இப்படி அனாதையான தளங்களை நிறையப் பார்த்தாயிற்று. கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

காரைக்குடி_மாணவி | திங்கள், காலை 7:05

அக்கா, அது பார்த்தோம். நல்ல தளம். அங்கே இருக்கிற கூட்டுக்கு நாங்கள் புது எண் கொடுக்கப் போவதில்லை, அவர்கள் எண்ணையே வைத்துக்கொள்வோம். ஆனால் அங்கே நிலையான கூட்டுகளுக்குத்தான் இடம். ஏற்பியும் அதன் லிகண்டும் (அதைத் தேடி வரும் மூலக்கூறும்) ஒட்டிப் பிரிகிற உறவு, கூட்டு உருவாகவே அது தேவை என்றால் ஒழிய, பொதுவாக உள்ளே வராது. எங்களுக்குத் தேவையானதே அந்த ஒட்டிப் பிரிகிற பகுதி. எந்தச் சேர்க்கைக்கு எந்த மருந்து, எவ்வளவு இறுக்கமாக, எந்த விலங்கில், எந்தத் திசுவில். இன்னொன்று, "சோதித்துப் பார்த்தோம், சேரவில்லை" என்ற எதிர்மறை முடிவுகள். அவற்றை யாரும் எங்கும் சேர்த்து வைப்பதில்லை.

தேவகோட்டை_மருந்தியல் | திங்கள், மாலை 4:20

நல்ல முயற்சி அம்மா. நான் மருந்தியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் கால்சிஆர்எல் எளிய உதாரணம், இரண்டே புரதம். மூளையில் நரம்புச் செயலை அடக்கும் காபா-ஏ ஏற்பியில் கையை வைத்துப் பாருங்கள், வடிவமைப்பில் எங்கே ஓட்டை என்று உடனே தெரியும்.

மனிதரில் அதன் துணையலகுகளுக்கு 19 ஜீன்கள். ஆல்ஃபா ஆறு, பீட்டா மூன்று, காமா மூன்று, டெல்டா, எப்சிலான், பை, தீட்டா ஒவ்வொன்று, ரோ மூன்று. ஐந்து துணையலகு வளையமாக நின்றால் ஒரு ஏற்பி. வளையத்தைச் சுழற்றினால் வருவதை ஒன்றாகவே எண்ணினாலும் காகிதத்தில் 4,95,235 ஏற்பிகள் வரும். மூளையில் உண்மையில் இருப்பதாக நிரூபணமானவை அதில் மிகச் சொற்பம். அதிகம் காண்பது ஆல்ஃபா1 இரண்டு, பீட்டா2 இரண்டு, காமா2 ஒன்று.

இனி மருந்துக்கு வருவோம். பதற்றத்தைத் தணிக்கும் டயஸிபாம் உட்காரும் இடம் ஒரு துணையலகுக்குள் இல்லை. ஆல்ஃபாவுக்கும் காமாவுக்கும் நடுவில் உள்ள சந்தில். ஆல்ஃபா1, 2, 3, 5 இருந்தால் வேலை செய்யும். ஆல்ஃபா4, ஆல்ஃபா6 இருந்தால் செய்யாது, ஏனென்றால் அந்தச் சந்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் அர்ஜினின் இருக்கிறது. ஆக "டயஸிபாம்" என்ற தகவலை எந்த ஜீனின் வரியில் எழுதுவீர்கள்? ஆல்ஃபாவிலா, காமாவிலா? இரண்டிலும் எழுதினால் இரண்டும் அரைப் பொய்.

அடுத்தது சான்று. வளர்ப்புச் செல்லில் மூன்று ஜீன்களைச் செலுத்தினால் ஏதோ ஒரு ஏற்பி உருவாகத்தான் செய்யும். அது மூளையில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. 2008-ல் ஐயூஃபார் சார்பில் இந்த ஏற்பிகளைப் பட்டியலிட்டவர்கள் மூன்று வகையாகப் பிரித்தார்கள்: அடையாளம் காணப்பட்டவை, இருக்க அதிக வாய்ப்புள்ளவை, தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டவை. அந்தப் பாகுபாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது நுணுக்கத் தரம் வைத்தால் பதிகிறவன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்துவிடுவான். மாணவர்களின் விடைத்தாளை வருடக்கணக்கில் திருத்தியவன் சொல்கிறேன்.

கண்டனூர்_நிரலர் | திங்கள், இரவு 10:15

ஐயா சொன்னதைப் படித்த பிறகு எனக்கு அமைப்பு கொஞ்சம் தெளிவாகிறது. உயிரியல் எனக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு சரி, தரவுத்தளம்தான் தொழில். தவறாகச் சொன்னால் திருத்துங்கள்.

நம் பக்கம் நகரத்தார் கோயில் கணக்கில் "புள்ளி" என்பது ஒரு ஆள் இல்லை, கல்யாணமான தம்பதி. கணக்கும் வரியும் புள்ளிக்குத்தான். இங்கேயும் பதிவின் அலகு கூட்டு. புரதம் அதில் உறுப்பு மட்டும். என்ன, நோய் எதிர்ப்புச் சமிக்ஞையான ஐஎல்-2-இன் ஏற்பியில் உள்ள காமா சங்கிலி ஐஎல்-2, 4, 7, 9, 15, 21 என்று ஆறு வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை எந்தக் கோயிலும் ஒத்துக்கொள்ளாது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான்கு அட்டவணை போதும். முதலாவது கூட்டு: ஒரு எண், ஒரு உயிரினம், வேறு எதுவும் இல்லை. எண்ணுக்குள் அர்த்தம் எதையும் திணிக்கக் கூடாது. பெயர் மாறும், வகைப்பாடு மாறும், எண் மாறக் கூடாது. இரண்டாவது உறுப்பு: எந்தக் கூட்டில் எந்த யூனிப்ராட் எண், எத்தனை பிரதி. மூன்றாவது கூற்று. நான்காவது சான்று.

கூற்றுதான் இதன் உயிர். "இந்தக் கூட்டை இந்த மருந்து பிடிக்கிறது" என்பது ஒரு கூற்று. "இது சிறுமூளையில் இருக்கிறது" என்பது இன்னொரு கூற்று. "இதில் ஆல்ஃபா1 இரண்டு பிரதி" என்பதும் கூட ஒரு கூற்றுதான், அதற்கும் சான்று வேண்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் எந்தக் கட்டுரை, என்ன முறை, எந்த உயிரினத்தின் புரதம், எந்தச் செல்லில், பதிந்தவர் யார், எப்போது. கூட்டு முழுவதற்கும் சேர்த்து அடியில் ஐந்து கட்டுரையை எழுதி வைப்பதில் பிரயோஜனம் இல்லை; எந்தக் கட்டுரை எதைச் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. தவறு என்று தெரிந்த கூற்றை அழிக்கவும் வேண்டாம். விக்கிடேட்டாவில் செய்வது போல "மதிப்பிழந்தது" என்று குறித்து, காரணத்தோடு அப்படியே விட்டுவிடலாம். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வேறு யாராவது அதே கட்டுரையைப் படித்து அதையே திரும்பப் பதிவார்.

ஒரு சந்தேகம். கட்டுரையில் "ஆல்ஃபா1 உள்ள ஏற்பிகள்" என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன செய்வது? மீதி நான்கு துணையலகு யார் என்று சொல்லவில்லையே?

தேவகோட்டை_மருந்தியல் | செவ்வாய், காலை 6:40

பெரும்பாலான கட்டுரைகள் அப்படித்தான் தம்பி எழுதுகின்றன. அவன் சொன்ன அளவுக்குத்தான் நீங்களும் பதிய வேண்டும். அவன் "ஆல்ஃபா1 உள்ளது" என்றால், அந்த மட்டத்தில் ஒரு பதிவு இருக்கட்டும். அதன் கீழே "ஆல்ஃபா1, ஏதோ ஒரு பீட்டா, காமா2". அதன் கீழே முழுமையாகத் தெரிந்தது. மேலே இருக்கிற கூற்றைக் கீழே இறக்கக் கூடாது. "பெரும்பாலும் பீட்டா2-ஆகத்தான் இருக்கும்" என்று நாமே நிரப்பினால் ஊகம் தரவாக மாறிவிடும்.

கண்டனூர்_நிரலர் | செவ்வாய், காலை 9:02

அப்படியானால் உறுப்பு அட்டவணையில் யூனிப்ராட் எண்ணுக்குப் பதில் "இந்தக் குடும்பத்தில் ஏதோ ஒன்று" என்றும் எழுத இடம் வேண்டும். கூட்டுக்குத் தாய்ப் பதிவு என்று ஒரு கட்டம். முடியும்.

பிரதி எண்ணிக்கை தெரியாவிட்டால்? காம்ப்ளெக்ஸ் போர்ட்டலின் கோப்பை இறக்கிப் பார்த்தேன். தெரியாததற்கு அடைப்புக்குறிக்குள் 0 போடுகிறார்கள். அது அவர்கள் வழக்கம், ஆவணத்திலும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நம் ஆள் யாராவது அதை இழுத்துப் பெருக்கினால் "பூஜ்யம் பிரதி" ஆகிவிடும். நம்மிடம் தெரியாதது வெற்றாகவே இருக்கட்டும், உள்ளே கொண்டுவரும்போதே மாற்றிவிடலாம்.

பள்ளத்தூரான் | செவ்வாய், மதியம் 1:15

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். எது ஏற்பிக் கூட்டு, எது இல்லை? டிஆர்பிவி1 எடுத்துக்கொள்வோம், நம்ம ஊர் ஆளுக்கு வேண்டிய புரதம். மிளகாயின் கேப்சைசினும் அதைத்தான் தட்டுகிறது, மிளகின் பைப்பரினும் அதைத்தான் தட்டுகிறது, 43 டிகிரிக்கு மேல் சூடும் அதைத்தான் தட்டுகிறது. ஆனால் அது அயனி வாய்க்கால். ஒரே புரதம் நான்கு பிரதி. வேறு யாரோடும் சேரவில்லை. அது கூட்டா? சூடு என்பது லிகண்டா?

ஆத்தங்குடி_கண்ணாடி | செவ்வாய், இரவு 11:55

கூட்டுதான். ஒரே புரதம் பல பிரதியாகச் சேர்ந்தாலும் கூட்டு. 2013-ல் கிரையோ முறையில் வந்த கட்டமைப்பில் நான்கும் தெளிவாகத் தெரிகின்றன. சூடு லிகண்ட் இல்லை. அதனால் "தூண்டுவது" என்ற கட்டம் வேதிப்பொருள் எண்ணை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. வெப்பம், அமிலத்தன்மை, மின்னழுத்தம் எல்லாம் வரும்.

எல்லை பற்றி நான் வைக்கும் விதி: செல் சவ்வில், தூண்டல் வருவதற்கு முன்பே ஒன்றாக நிற்பவை அடிப்படைக் கூட்டு. தூண்டிய பிறகு வந்து சேர்பவை, உதாரணமாகச் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-புரதம், "நிலை" என்று தனியாக. இன்சுலின் ஏற்பி எப்போதுமே டைசல்பைடு பிணைப்போடு இரட்டையாக நிற்கிறது; இஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சிக் காரணி ஏற்பி, லிகண்ட் வந்த பிறகுதான் பெருமளவு இரட்டையாகிறது. விதி இல்லாவிட்டால் ஒருவர் இன்சுலினைக் கூட்டின் உறுப்பாக எழுதுவார், இன்னொருவர் வெளியே எழுதுவார்.

விதி உடையும் இடங்களும் உண்டு. டி-செல் ஏற்பியில் ஆல்ஃபா, பீட்டா, அவற்றோடு சிடி3-இன் காமா-எப்சிலான், டெல்டா-எப்சிலான், ஸீட்டா-ஸீட்டா என மூன்று ஜோடி. மொத்தம் எட்டுச் சங்கிலி. 2019-ல் கட்டமைப்பு வந்தது. அதில் ஆல்ஃபாவும் பீட்டாவும் ஒவ்வொரு டி-செல் குலத்துக்கும் வேறு வரிசை, ஜீன் துண்டுகளைக் கலைத்துச் சேர்த்து உருவாவது. ஒற்றை யூனிப்ராட் எண்ணால் அதைக் குறிக்கவே முடியாது. கண்டனூர் அண்ணன் சொன்ன "ஏதோ ஒன்று" கட்டம் இங்கேயும் உதவும்.

ஐசோஃபார்மை, அதாவது ஒரே ஜீனிலிருந்து வரும் வெவ்வேறு வடிவங்களை, மறந்துவிடாதீர்கள். இன்சுலின் ஏற்பியின் ஜீன் ஒன்றுதான், ஆனால் 11-ஆம் எக்ஸான் (ஜீனின் ஒரு துண்டு) சேர்ந்தால் பி வடிவம், விடுபட்டால் ஏ வடிவம். வித்தியாசம் 12 அமினோ அமிலம். ஏ வடிவம் இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணியான ஐஜிஎஃப்-2-ஐ இறுக்கமாகப் பிடிக்கும். போதாததற்கு இன்சுலின் ஏற்பியின் ஒரு பாதியும் ஐஜிஎஃப்-1 ஏற்பியின் ஒரு பாதியும் சேர்ந்து கலப்பு ஏற்பியாகவும் நிற்கும். அது இன்சுலினை விட ஐஜிஎஃப்-1-ஐ நன்றாகப் பிடிக்கும். நீரிழிவு பார்க்கிறவர் எக்செல்லில் "இன்சுலின் ஏற்பி" என்று ஒரு வரி எழுதியிருப்பார், பந்தயம் கட்டுகிறேன்.

பள்ளத்தூரான் | புதன், காலை 8:10

நீரிழிவு பார்க்கிறவன் நான்தான் அக்கா. பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள்.

புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டை ஓட்டிவிட்டால் எது எதோடு சேரும் என்று அதுவே சொல்லிவிடாதா? இவ்வளவு கட்டுரை ஏன் படிக்க வேண்டும்?

ஆத்தங்குடி_கண்ணாடி | புதன், இரவு 11:20

எது எதோடு சேரக்கூடும் என்பதற்கு நல்ல கருவி. 2021-ல் பல சங்கிலிகளுக்கான வடிவம், 2024-ல் மூன்றாம் பதிப்பு. நானே தினமும் ஓட்டுகிறேன். ஆனால் "சேரக்கூடிய வடிவம்" வேறு, "நியூரானில் சேர்ந்து நிற்கிறது" வேறு. ஒரு செல்லில் இரண்டுமே இருக்கின்றனவா, ஒரே சவ்வுக்குப் போகின்றனவா என்று அதற்குத் தெரியாது. முறை என்ற கட்டத்தில் "கணிப்பு" என்று எழுதிப் பதியுங்கள். தேடும்போது இயல்பாகவே அது மறைந்திருக்கட்டும். வேண்டுமென்பவர் திறந்து பார்க்கட்டும்.

கோட்டையூர்_நூலகம் | வியாழன், காலை 11:30

நான் நூலகத் துறை. புரதம் தெரியாது, பெயர்கள் தெரியும். இந்த இழையைப் படித்துவிட்டு மூளையில் உள்ள என்எம்டிஏ ஏற்பி பற்றிச் சில கட்டுரைகளைப் புரட்டினேன். ஒரே துணையலகை ஒரு கட்டுரை என்ஆர்1 என்கிறது, சுண்டெலியில் வேலை செய்த ஜப்பானியக் குழுவின் பழைய கட்டுரை ஸீட்டா1 என்கிறது, புதியவை குளூஎன்1 என்கின்றன, ஜீன் பெயரோ கிரின்1. அதே பழைய முறையில் என்ஆர்2ஏ-க்கு எப்சிலான்1 என்று பெயர். ஆனால் எப்சிலான் காபா-ஏ ஏற்பியிலும் இருக்கிறது, தசையில் உள்ள அசிடைல்கோலின் ஏற்பியிலும் இருக்கிறது. மூன்றும் மூன்று புரதம்.

பட்டியலிடுவதில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புத்தகத்தின் முகப்பில் அச்சான பெயர் எழுத்து மாறாமல் ஒரு இடத்தில், தரப்படுத்திய பெயர் இன்னொரு இடத்தில். எங்கள் ஊரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் துண்டு விளம்பரங்களும் 1994-க்குப் பிறகு சென்னை நூலகமாக ஆனபோது அவற்றைத் தேட முடிந்ததற்குக் காரணம் சேர்த்தது மட்டும் இல்லை, பட்டியலிட்டதும்தான். உங்கள் கூற்று அட்டவணையிலும் "கட்டுரையில் உள்ள பெயர்" என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும். தரப்பெயர் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தால் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

எக்செல்லைச் சீக்கிரம் கைவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். மார்ச்1 என்ற ஜீனை அது தேதியாக மாற்றிவிடும் என்பதால் 2020-ல் ஜீன்களுக்குப் பெயரிடும் குழுவே அதன் பெயரை மார்ச்எஃப்1 என்று மாற்றியது. மென்பொருளைத் திருத்த முடியாமல் ஜீனைத் திருத்தினார்கள்!

கண்டனூர்_நிரலர் | வியாழன், இரவு 9:45

"கட்டுரையில் உள்ள பெயர்" கட்டம் சேர்த்தாயிற்று. இது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி ஐயா.

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டார்கள்: ஏன் வரைபடத் தரவுத்தளம் வேண்டாம், ஏன் ஆர்டிஎஃப் என்ற இணைப்புத் தரவு வடிவம் வேண்டாம் என்று. வேண்டாம் என்று இல்லை. கூட்டு, தாய்ப் பதிவு, கூற்று என்ற இந்த அமைப்பை எதில் வேண்டுமானாலும் பிறகு ஏற்றலாம். ஆனால் பதியப் போகிறவர்கள் முதுகலை மாணவர்கள். சாதாரண எழுத்துக் கோப்பு, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியம், ஒருவர் பதிந்ததை இன்னொருவர் பார்த்து ஏற்பது, ஒவ்வொரு இரவும் அதிலிருந்து ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பு. அந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகலாம், கரண்ட் போனாலும் லேப்டாப்பில் ஓடும். சர்வர் வாடகை யார் கட்டுவது என்ற பேச்சே எழாது. வருடம் கழித்து நாம் எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விட்டாலும் கோப்பு கோப்பாகவே இருக்கும்.

உரிமத்தை முதல் நாளே எழுதிவிடுவோம். பிடிபி சிசி ஜீரோ (நிபந்தனை இல்லை), யூனிப்ராட் சிசி பை 4.0 (மூலத்தைக் குறிப்பிட வேண்டும்). நம்முடையது சிசி பை என்று இருந்தால் இரண்டிலிருந்தும் எடுக்கலாம். உயிரியல் பாதைகளுக்கான கெக் தளம் மொத்தமாகக் கோப்பிறக்கும் வசதியை 2011-ல் சந்தாவுக்கு மாற்றியபோது அதை நம்பிக் கட்டிய பலர் திண்டாடினார்கள். நம்மிடமிருந்து எடுக்கிறவர்களுக்கு அந்தப் பயம் இருக்கக் கூடாது.

தேவகோட்டை_மருந்தியல் | வெள்ளி, காலை 6:15

உயிரினம் பற்றி ஒரு எச்சரிக்கை. எலியில் பார்த்ததை மனிதக் கூட்டில் எழுதும் பழக்கம் எல்லாத் தரவுத்தளத்திலும் இருக்கிறது. ஓல்செஜெபன்ட் என்ற மருந்து மனித சிஜிஆர்பி ஏற்பியை எலியினதை விட நூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிக்கிறது. காரணம் கால்சிஆர்எல்லில் இல்லை, கூடவே நிற்கிற ராம்ப்1-இல் 74-ஆவது இடத்தில். மனிதரில் டிரிப்டோஃபான், எலியில் லைசின். பறவைகளின் டிஆர்பிவி1 கேப்சைசினைக் கண்டுகொள்வதே இல்லை. கிளி மிளகாய் தின்பது அதனால்தான். ஆகவே கூட்டு ஒவ்வொன்றும் ஒரு உயிரினத்துக்கு. "மனிதரிலும் இப்படியே இருக்கலாம்" என்பது தனிக் கூற்று, முறை: ஒப்புமை.

உயிரினத்தோடு வயதையும் சேர்க்க வேண்டும். தசையின் அசிடைல்கோலின் ஏற்பியில் கருவில் காமா இருக்கும், வளர்ந்த பிறகு அந்த இடத்துக்கு எப்சிலான் வரும். திசு ஒன்றுதான், கூட்டு வேறு.

காரைக்குடி_மாணவி | வெள்ளி, இரவு 8:50

எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசினோம். ஆரம்பிக்கும்போதே எல்லா ஏற்பியும் என்று போனால் முடியாது, காபா-ஏ ஒன்றே எங்களை முழுங்கிவிடும். சுவையும் காரமும் மட்டும் எடுக்கிறோம்: டி1ஆர் என்ற சுவை ஏற்பிக் குடும்பம், டிஆர்பிவி1, அதன் உறவுகள். கூட்டுகள் குறைவு, கூற்றுகள் அதிகம், எதிர்மறை முடிவுகளும் நிறைய.

இனிப்பு ஏற்பி டி1ஆர்2-ம் டி1ஆர்3-ம் சேர்ந்தது. டி1ஆர்1-ம் டி1ஆர்3-ம் சேர்ந்தால் உமாமி (அஜினோமோட்டோவின் சுவை). பூனைக்கு டி1ஆர்2 ஜீன் செயலிழந்தது, அதனால் இனிப்புக் கூட்டே இல்லை. "இந்த உயிரினத்தில் இந்தக் கூட்டு கிடையாது" என்பதையும் ஒரு கூற்றாகப் பதிய முடிகிறதா என்று அதில் சோதிக்கலாம். அஸ்பார்டேம் ஒட்டுவது டி1ஆர்2-இன் வெளிப்பகுதியில், சைக்ளமேட் ஒட்டுவது டி1ஆர்3-இன் சவ்வுப் பகுதியில். ஆக "எந்த உறுப்பின் எந்தப் பகுதி" என்ற கட்டமும் வேண்டும். டயஸிபாம் மாதிரிச் சந்தில் உட்கார்வதற்கு இரண்டு உறுப்பைக் குறிக்க இடம்.

நம் வேலி ஓரத்துச் சிறுகுறிஞ்சானும் இதில் வருகிறது. அந்த இலையை மென்றுவிட்டுப் பால் பணியாரம் சாப்பிட்டால் இனிப்பே தெரியாது, மாவு தின்பது போல இருக்கும். காரணம் ஜிம்னெமிக் அமிலங்கள். அவை மனித டி1ஆர்3-இன் சவ்வுப் பகுதியைப் பிடிக்கின்றன என்று 2014-ல் காட்டினார்கள். சுண்டெலியின் ஏற்பியில் அந்த விளைவு இல்லை. ஐயா சொன்ன உயிரின விதிக்கு உள்ளூர் உதாரணம்.

பள்ளத்தூரான் | வெள்ளி, இரவு 9:20

டி1ஆர்3 உமாமியிலும் இருக்கிறதே. அப்படியானால் சிறுகுறிஞ்சான் உமாமிக் கூட்டையும் தடுக்கும் என்று தளமே தானாக எழுதிவிடலாமா? உறுப்பு ஒன்றுதானே?

கண்டனூர்_நிரலர் | வெள்ளி, இரவு 9:41

நிரலில் இரண்டு வரி வேலை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

தேவகோட்டை_மருந்தியல் | சனி, காலை 6:05

எழுதக் கூடாது. லாக்டிசோல் என்ற பொருள் டி1ஆர்3-ஐப் பிடித்து இனிப்பையும் தடுக்கிறது, மனிதரில் உமாமியையும் தடுக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியாகச் சோதனை இருப்பதால் இரண்டு கூற்றாகப் பதியலாம். ஜிம்னெமிக் அமிலத்துக்கு இனிப்புக் கூட்டின் கூற்றை மட்டும் பதியுங்கள். துணையலகு ஒன்றாக இருந்தாலும் பக்கத்தில் நிற்பவர் மாறினால் நடத்தை மாறும். இந்த இழையே அதில்தானே ஆரம்பித்தது. உமாமிக் கூட்டின் பக்கத்தில் "சோதிக்க வேண்டியது" என்று ஒரு பட்டியலில் தளம் காட்டட்டும். கூற்று அட்டவணைக்குள் வர வேண்டாம்.

கண்டனூர்_நிரலர் | சனி, காலை 10:30

சரி ஐயா. தானாக எழுதுவது நீக்கப்பட்டது. ஒரே உறுப்பைப் பகிரும் கூட்டுகளில் ஒன்றில் கூற்று இருந்து மற்றதில் இல்லாவிட்டால், அது தனிப் பட்டியலாக இரவுதோறும் வெளிவரும். மாதிரிக் கோப்பில் இப்போது மூன்று கூட்டு: மனித இனிப்பு, மனித உமாமி, மனித டிஆர்பிவி1. லாக்டிசோல் இரண்டு வரி, ஜிம்னெமிக் ஒரு வரி. கட்டுரை எண்களை நிரப்ப ஆள் வேண்டும். பள்ளத்தூர்த் தம்பி, சந்தேகம் கேட்டவர் நீங்கள்தான், முதல் பதிவும் உங்களுடையதாக இருக்கட்டும்.

பள்ளத்தூரான் | சனி, காலை 10:52

லாக்டிசோலை நான் எடுத்துக்கொள்கிறேன். சரிபார்க்கிறவர் யார்? என் பெயரை நானே ஏற்கக் கூடாது என்று களஞ்சியம் தடுக்கிறது.

ஆத்தங்குடி_கண்ணாடி | சனி, மதியம் 12:10

நான் பார்க்கிறேன். எந்த வளர்ப்புச் செல், எந்த ஜி-புரதத்தைச் சேர்த்துச் செலுத்தினார்கள் என்பதை விடாமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவேன்.